காதும் காதும் வைத்து

முதலில் ஃபர்னஸ் என்றுதான் நினைத்தோம்.
நிலவறையில் அது அடங்கிய பிறகும்
உஷ்... உஷ்... என்று இழுத்தது,
மரம் அறுக்கிறவன் ஒருவன்
என் வலது காதுக்குள் குந்தியிருந்து
அவசரமில்லாமல் வாள் இழுப்பது மாதிரி.

தவேந்திரன் ஆள் கூப்பிட்டார்.
டேரல் வந்தான், பூட்ஸில் பனி சொட்ட.
விசிறியைக் கழற்றி மாட்டி
நூற்றி நாற்பது டொலர் எழுதிக் கொடுத்தான்.
"வீட்டில் ஒரு பிழையும் இல்லை."
வீட்டில் இல்லைதான்.

வினிப்பெக்கில் ஜனவரி
சத்தங்களைப் புதைத்துவிடும்.
மைனஸ் முப்பத்தொன்றில் பெம்பினா வீதி
பஞ்சுக்குள் பொதிந்த கண்ணாடியாகக் கிடக்கும்.
ஊரே அடங்கிய அந்த நேரத்தில்
என் இரத்தம் திரும்பிப் போகும் வழியைக்
கேட்டுக்கொண்டு கிடந்தேன்.
படி ஏறினால் விரையும்.
கழுத்தை விரலால் அழுத்தினால் நிற்கும்.
விட்டால், விட்ட இடத்தில் தொடங்கும்.

"வயது," என்றார் குடும்ப வைத்தியர்.
"கனக்க யோசிக்கிறியள்," என்றாள் மச்சாள்.
பிறகு ரசம் பிழையான குழாயில் இறங்கிற்று.
பிறகொரு காலை, பல் தீட்டும்போது
நாக்கை நீட்டினேன்.
நேரே வராமல் அது
வலப்பக்கம் யாரையோ எட்டிப் பார்த்தது.

டொக்டர் கோவல்ச்சுக் ஒளி பிடித்துப் பார்த்தாள்.
செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சிவப்பு.
மண்டையோட்டின் அடித்தளத்தில்,
நாளமும் நரம்புகளும் வெளியேறும் துவாரத்தில்,
பாக்களவில் ஒரு கட்டி.
"பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும்,"
லொத்தர் விழுந்த குரலில் சொன்னாள்.
காதின் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து
அசையாமல் நின்றாள்.
"எனக்கும் கேட்கிறது."

கட்டி என்றபோது வராத அழுகை
அப்போது வந்தது.
பதினொரு மாதம், ஒருவரும் தராத வாக்கியம்.

அன்றிரவு லைட்டை நூர்த்துவிட்டு
அவர் கேட்டார்,
"நானும் ஒருக்கா கேட்டுப் பாக்கட்டே?"
காதும் காதும் வைத்த மாதிரி என்பார்களே,
ரகசியத்துக்கு.
அப்படியே படுத்தோம்.
தாடி குத்தியது. மூச்சைப் பிடித்திருந்தார்.
"மழை மாதிரி."
"இல்லை. வாள்."
"மழையப்பா."
சண்டை முடியுமுன் தூங்கிப்போனார்,
என் நாடி அவர் காதில் அறுத்தபடி இருக்க.

மார்ச்சில், பன்னிரண்டு மணிநேரம்.
காதுத் துளையைத் தைத்து மூடிவிட்டார்கள்.
காது கொடுத்துக் கேள் என்று
இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது;
கொடுத்தாயிற்று.
குரல் கசங்கிய கடதாசிப் பை.
நாக்கு இன்னும் வலப்பக்கமே போகிறது,
பழகிய வீட்டுக்குப் போவதுபோல.

ஆற்றில் பனிப்பாளம் உடைந்து போகும் கிழமை.
நடு இரவில் விழிக்கிறேன்.
தைத்த பக்கத்தில் அவர் காது.
"என்ன கேக்குது?"
கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னார்:
"ஃபர்னஸ்."