மூன்று விரற்கடை

முகத்துவாரத்துப் பட்டறையில்
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படகுகள்.
ஒன்று வாய் பிளந்து கிடக்கும் மட்டி மாதிரி.
மற்றதற்குத் தலையில் வெள்ளைப் பலகை,
கறள் பிடிக்காத குழாயில் நாலு கால்.
நின்றாலும் தலை தட்டாது என்றான் பௌமி.
நீளம் ஒன்று, எஞ்சினும் ஒன்று,
விலையில்தான்
நாலு லட்சத்து அறுபதாயிரம் இடைவெளி.

கூரை வேண்டும் என்றவன் றொட்னி.
பங்காளி. பாதிக் காசு அவனுடையது.
பிடரியில் தோல் உரிந்து
வெள்ளையாய் ஒரு திட்டு.
தொழிலை மாற்றேலாதா என்று கேட்டாராம் டொக்டர்.
தொழில் ஏலாது, போட்டை மாற்றலாம் என்று
சொல்லிவிட்டு
மருந்துத் துண்டோடு நேரே பட்டறைக்கு வந்திருந்தான்.

நான் திறந்ததின் கட்சி.
கூரைக்குக் கீழே நின்றால் பறவை தெரியாது.
பறவை தெரியாவிட்டால்
சூரை எங்கே என்று யாரைக் கேட்பது,
ரேடியோவையா?
வலப்பக்கம் கொத்திய மீன்
இடப்பக்கம் பாய்ந்தால்
தூண்டில் கயிறு அந்தக் குழாயைச் சுற்றும்.
எனக்கே இரண்டு கால்தான்,
படகுக்கு எதற்கு நாலு?
சோளகம் எழும்பினால் அந்தப் பலகை
பாயாகிவிடும்.
யாரும் விரிக்காத பாய்.
யாராலும் சுருட்ட முடியாத பாய்.

“உன்ட தலையில மயிர் இருக்கு, நீ பேசுவாய்”
என்றான் றொட்னி.

ஓட்டிப் பாருங்கோ என்றான் பௌமி.
கூரைப் படகை ஆற்று வாயால் வெளியே எடுத்தோம்.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
கொக்குகளாகி, பிறகு
தீக்குச்சிகளாகின.
காக்கைத்தீவுக்கு நேரே வந்ததும் மழை.

இருபத்தாறு வருடம் மழையில் நின்றிருக்கிறேன்.
அன்றுதான் அதைக் கேட்டேன்.
என்மேல் பெய்யாமல்
எனக்கு மேலே பெய்தது,
கூடை கூடையாய் நெத்தலியைத்
தகரத்தில் கொட்டுவது போல.
றொட்னி வாயே திறக்கவில்லை.
ஒரு சிகரெட் எடுத்தான்.
ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது.
அவ்வளவுதான் அவன் வாதம்.

பாதி மாறிப்போய்த்தான் திரும்பினேன்.
ஆனால் எங்கள் கட்டுத்துறை
கால்வாய்க்குள் இருக்கிறது.
அதற்கு முன்னால் ஒரு குட்டைப் பாலம்,
மேலே ஆட்டோ போனால் கீழே மண் உதிரும்.
துடுப்பை நிமிர்த்தி அளந்தோம்.
வற்றில் போகும்.
பெருக்கில்
மூன்று விரற்கடை இடிக்கும்.

காத்திருக்கலாம் என்றான்.
மீன் காத்திருக்குமா என்றேன்.
ஐஸ் போட்டால் இருக்கும் என்றான்.
ஐஸ் என்ன விலை என்றேன்.
பாலத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பையன்
“அங்கிள், கூரையக் கழட்டிட்டுப் போங்க” என்றான்.
இரண்டு பேரும் அவனை முறைத்தோம்.

இரவு ஜசிந்தாவிடம் எல்லாம் சொன்னேன்.
விலை, பாலம், பறவை.
மழைச் சத்தத்தையும் சொன்னேன்,
கொஞ்சம் கூடவே சொன்னேன் போல.
அவள் சோற்றுப் பானையை நகர்த்திவிட்டு
அந்த இடத்தில் ஒரு வாளியை வைத்தாள்.
டக்.
கொஞ்சம் பொறுத்து,
டக்.
“நல்ல சத்தம், என்ன?” என்றாள்.

திறந்ததை எடுத்தோம்.
என் பங்கில் மிஞ்சியது
வீட்டுக்குத் தகரமும் வளைமரமும் ஆனது.
றொட்னி அடகிலிருந்து ஒரு சோடிக் காப்பை மீட்டான்,
போகிற வழியில்
கல்கிசை ஹோட்டல் ஒன்று கழித்துவிட்ட
கடற்கரைக் குடையையும் வாங்கினான்.
சிவப்பும் மஞ்சளும். அணியத்தில் கட்டினோம்.
பக்கத்துப் படகுக்காரர்கள் தேநீர் கேட்டார்கள்,
பில் கேட்டார்கள்.
மூன்றாம் நாள் காற்று குடையைக் கேட்டது.
கொடுத்துவிட்டோம்.

இப்போது ஈரத் துவாயைப்
பிடரியில் போட்டுக்கொண்டு முன்னால் இருக்கிறான்.
துவாய் சில வேளை நழுவும்.
திட்டு ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு வந்துவிட்டது.
முதலில் ஒரு ரூபாய் அளவுதான் இருந்தது.

நான் சுக்கானைப் பிடித்தபடி
அண்ணாந்து
பறவை தேடுகிறேன்.