அரைமணிக்கு ஒரு கல்

முப்பது நிமிஷத்துக்கு மேல்
ஒரே இடத்தில் உட்காரக் கூடாதென்று சொல்லிவிட்டார் டாக்டர்.
எனக்கு நாலாவது எலும்புக்கும் அஞ்சாவதுக்கும் நடுவே.
மொக்கைராசுவுக்கு அதற்கு ஒரு படி கீழே.
நான் மெத்தை தூக்கித் தூக்கிக் கெட்டேன்.
அவன் போடிமெட்டு வளைவுகளில்
ஏலக்காய் ஜீப் ஓட்டி.

ஆகவே இந்தப் பயணத்தை
ராத்திரி பத்தரைக்கு மேல் படுத்துக்கொண்டே
போனில்தான் திட்டமிடுகிறோம்.
தெற்குமாசி வீதியில் கடைக்கு மேல்மாடியில் நான்.
மலையில் தகரக் கூரைக்குக் கீழே அவன்.
அங்கே மழை பிடித்துவிட்டால்
ஊர்ப்பேர்கள் பாதிதான் கேட்கும்.

அங்கிருந்து மதுரைக்கு
பஸ்ஸில் மூன்றரை மணி நேரம்.
எங்களுக்கு மூன்று நாள்.

"மலை இறங்குனதும் போடியில ஒரு நீட்டு."
நீட்டு என்றால் முதுகை நீட்டிப் படுப்பது.
எங்கள் கணக்கில் தூரத்துக்கு இப்போது அதுதான் அளவு.
தேனி ஒரு நீட்டு.
ஆண்டிபட்டிக் கணவாயில்
காற்றாடி சுற்றுவதைப் பார்த்தபடி ஒரு நீட்டு.
உசிலம்பட்டி தாண்டி விக்கிரமங்கலம்.
அங்கேதான் முதல் கல்.

குன்றின் குகைக்குள்
சமண முனிவர்களுக்கென்று
ரெண்டாயிரம் வருஷம் முன்னால் வெட்டிய படுக்கை.
ஆள் நீளம். வழவழப்பு.
சிலதில் தலைமாட்டுக்குக் கல்லையே
மேடாக விட்டிருக்கிறார்கள்.
சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு கேட்டான்:
"எத்தனை இஞ்ச் தடிப்பு, பாய்?"

ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது.
அவன் கூப்பிட்டால் மட்டும்
அதில் கோரை வாசம் வரும்.

பதினொரு வருஷம் பேசாமல் இருந்தோம்.
அவன் ஜீப்புக்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்து.
பிறகு கே.கே. நகர் ஸ்கேன் சென்டரில்
நாற்காலி அத்தனையும் காலியாய்க் கிடக்க
நின்றுகொண்டிருந்த ரெண்டே பேர் நாங்கள்.
அந்தக் கையெழுத்துக்கு
எந்த ஊரிலும் நிறுத்தம் வைக்கவில்லை.

ரெண்டாம் நாள் கொங்கர் புளியங்குளம், முத்துப்பட்டி,
முடிந்தால் கீழக்குயில்குடி.
எத்தனை படி என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டேன்.
ஏறாதவர்கள்தான் துல்லியமாகச் சொன்னார்கள்.

வண்டி ஓட்டப்போவது அவன் மகள் வினோதினி.
பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டுவிடலாம்,
நேரே வந்து இறங்கலாம் என்றாள்.
ரெண்டு பேரும் ஒரே மூச்சில் வேண்டாமென்றோம்.

"படுக்க விடுவாங்களா அதுல?"
விட மாட்டார்கள். வேலி இருக்கும், பலகை இருக்கும்.
பக்கத்துப் பாறையில் படுப்போம்,
அதுவும் அதே மலைதானே.

மூன்றாம் நாள் மேலூர்ப் பக்கம்.
அரிட்டாபட்டி பார்த்துவிட்டுக் கிடாரிப்பட்டி,
அழகர்மலையின் முதுகுப்புறம்.
அங்கே பேர்கள் வெட்டியிருக்கின்றன.
உப்பு விற்றவன், சர்க்கரை விற்றவன்,
கலப்பைக் கொழு விற்றவன், துணி விற்றவன்.
மதுரைக் கடைக்காரர்கள்.
யாரோ துறந்து போனவர்கள் படுக்க
இவர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள்.
மெத்தைக்காரன் பேர் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

"கையெழுத்துப் போட்டவங்க பேரா, பாய்?"

ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் தகரம்தான் கேட்டது.

தேதி இன்னும் குறிக்கவில்லை.
அவனுக்கு ஏலக்காய் பறிப்பு ஒரு சுற்று முடியணும்.
எனக்கு ஆடித் தள்ளுபடி.
நோட்டில் எழுதியிருப்பது இவ்வளவு:
தைலம் ரெண்டு, பெல்ட் ரெண்டு, பிளாஸ்க் ஒன்று,
முத்துப்பட்டிக்குத் திரும்பும் இடத்தில்
ஒரு கேள்விக்குறி.

நேற்று போனை வைக்கும் முன்
மழைக்குள்ளிருந்து ஏதோ சொன்னான்.
"...லையணை மட்டும் நீ..."
கொண்டு வா என்றானா,
வேண்டாம் என்றானா தெரியவில்லை.
திருப்பிக் கேட்கவும் இல்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும்
இலவம்பஞ்சில் ரெண்டு
விலைச்சீட்டைக் கிழித்துத் தனியே வைத்தேன்.