வெள்ளையாய், வட்டமாய்

போத்தி துறைமுகத்தில் மழை
ஊசிபோலச் சாய்ந்து இறங்குகிறது.
இரவுப் பணி.
மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை
தெருத் தண்ணீரில் அணைந்து அணைந்து எரிகிறது.
கோச்சா பேசி இருபத்துமூன்று நாள்.

மனிதரிடம் கேட்பதுபோலத்தான் முதலில் கேட்டேன்:
வேரா என்ற கப்பலில் வேலைக்குப் போன
என் தம்பி இப்போது எங்கே இருக்கிறான்?

தேடுபொறி பணிவானது.
பதினோரு லட்சம் பதில் கொடுத்தது.
முதலில் அலோ வேரா ஷாம்பு, அலோ வேரா சாறு,
வெயிலில் கருகிய தோலுக்கு அலோ வேரா களிம்பு.
அந்தக் களிம்பு என் முதுகுக்குப் பின்னாலேயே
மூன்றாம் அடுக்கில் இருக்கிறது, பாதி விலைக்கு.
அப்புறம் திபிலீசியில், வேரா பேட்டையில்
இரண்டறை வாடகை வீடு. பூனைக்குத் தடையில்லை.
அப்புறம் வேரா என்று பெயர் வைத்த பெண்கள்,
மணமானவர்கள், செத்துப்போனவர்கள்.

கழித்தல் குறி போட ஆரம்பித்தேன்.
கழி ஷாம்பு. கழி சாறு. கழி வாடகை.
ஒவ்வொரு சின்னக் கோடும்
ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்தது.
கழி திருமணம் என்று அடிக்கும்போது மட்டும்
விரல் கொஞ்சம் நின்றது.
அது வேறு கதை.

மேற்கோள் குறிக்குள்
வேராவையும் சரக்குக் கப்பலையும் அடைத்தேன்,
சேர்ந்தே வாருங்கள், வழியில் பிரியாதீர்கள் என்று.
ஒன்பது கப்பல் வந்தன.
ஒன்று மூழ்கி நாற்பது வருடம்.
ஒன்றில் ஆற்றின்மேல் கல்யாண விருந்து நடத்துகிறார்கள்.
கழித்த திருமணம் மாலுமிச் சட்டை போட்டுக்கொண்டு
திரும்பி வந்துவிட்டது.

இரண்டு மணிக்கு ஒரு துருக்கி லாரிக்காரர்,
தலையைப் பிடித்துக்கொண்டு.
"ஒரு மாத்திரை. வெள்ளையா, வட்டமா இருக்கும்."
இந்தக் கடையில் வெள்ளையாய் வட்டமாய்
நானூறு வகை இருக்கிறது.
அட்டை ஏதாவது வைத்திருக்கிறீர்களா?
பைக்குள் துழாவி ஒரு துண்டு எடுத்தார்.
பெயர் கிழிந்து போயிருந்தது.
ஓரத்தில் தயாரிப்பு எண் மட்டும் மிச்சம்.
போதும். எடுத்துக் கொடுத்தேன்.

அவர் லாரி கிளம்பிய பிறகுதான் உறைத்தது:
இவ்வளவு நேரம் நானும்
வெள்ளையாய், வட்டமாய்
ஒரு தம்பியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் அனுப்பிய கடைசிப் படத்தைத் திறந்தேன்.
மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறான்.
மீனை விட்டேன், சிரிப்பை விட்டேன்,
அவன் தோளைத் தாண்டிப் போய்ப் பெரிதாக்கினேன்.
இரும்பில் பற்றவைத்துப் புடைத்திருந்தது
ஏழு இலக்க எண்.
துரு தின்னப் பார்த்துத் தோற்றிருக்கிறது.

எண்ணை மட்டும் அடித்தேன்.
தம்பி இல்லை, வேரா இல்லை, கேள்விக்குறி இல்லை.
ஆறே ஆறு பதில்.

மூன்று பெயர், நான்கு கொடி மாறிய கப்பல் அது.
ஜூனிலிருந்து அது வேராவும் இல்லை.
பெயரை மாற்ற ஒரு டப்பா பெயிண்ட் போதும்.
இல்லாத ஒன்றின் பெயரைச் சொல்லித்தான்
இரவெல்லாம் கூப்பிட்டிருக்கிறேன்.

புதுப்பெயரோடு
லாரிக்காரர்களிடம் பொறுக்கிய சொல் ஒன்றைச் சேர்த்தேன்,
கெமி, கப்பல்.
இந்த மாதம் மட்டும் என்று காலத்தையும் குறுக்கினேன்.
சம்சுன் ஊர்ச் செய்தித்தாளில் ஆறு வரி:
டீசல் தீர்ந்து நிற்கிறது, பதினோரு பேர்,
வசந்தத்திலிருந்து சம்பளம் இல்லை.
படத்தில் யார் முகமும் தெளிவாக இல்லை.
ஆனால் மேல்தளத்தில் கட்டியிருந்த
அந்த ஐந்தாவது கொடி, துணிக்கொடி,
அதில் காய்வது என் கோடுபோட்ட சட்டை.
கேட்காமல் எடுத்துக்கொண்டு போனான், நாய்ப்பயல்.

அவர்கள் அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கும்.
அங்கே எட்டு என்றால் இங்கே ஒன்பது.
"என் தம்பி" என்று ஆரம்பிக்கக் கூடாது.
எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.
மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதிவைத்து
வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்.
துருக்கியில் எட்டு வரை எண்ணத் தெரியும் எனக்கு.
எண்ணின் கடைசியில் ஓர் ஒன்பது இருக்கிறது.

அதையும் தேடுகிறேன்.