மூன்றாவது கால்

ஹிக்கின்சன் நெடுஞ்சாலைக்குக் கீழே
அடகுக்கடையில் மூன்று ஆம்ப்ளிஃபயர்.
முதலாவது புதுசு, நீல விளக்கெல்லாம் உண்டு,
குரல் மட்டும் சன்னம்.
இரண்டாவதை அசைக்கவே முடியவில்லை.
மூன்றாவதன் மூலையை எலி தின்றிருந்தது,
பதினைந்து இஞ்ச் கூம்பில் ஒரு கிழிசல்.
என் பேஸை மாட்டி
ஆகத் தடித்த கம்பியைத் தட்டினேன்.
கண்ணாடிக்குள் அடகு மோதிரங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
இதுதான் என்றேன்.

ஆயிரத்து எண்ணூறு ராண்ட்.
"புருஷனுக்கா?" என்றார் கடைக்காரர் நாயக்கர்.
"வாசிக்க நான். தூக்கத்தான் அவர்."

பேவியூவில், சமையல் மேசையில்,
பிளக்கைப் பார்த்தேன்.
இந்த நாட்டுப் பிளக்குக்கு மூன்று கால்,
உருண்டையாக, விரல் பருமனில்.
இதற்கு இரண்டு.
உச்சியில் இருக்கவேண்டிய பருத்த காலை
யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்.
ஏன் என்று மேடை ஏறிய எவருக்கும் தெரியும்:
மிக்சருக்கு ஓர் எர்த், ஆம்புக்கு ஓர் எர்த்,
இரண்டு வழியாக மண்ணைத் தொட்டால்
நடுவில் ஒரு வளையம்,
வளையத்துக்குள் ஒரு முனகல்.
பாட்டு நின்றாலும் அது நிற்காது.
காலை அறுத்தால் அமைதி.
அறுத்த பிறகு
மைக்கில் உதடு வைப்பவள்தான் எர்த்.

டோங்காட் கல்யாணத்தில் பிரகாஷ்னிக்கு
அப்படித்தான் அடித்தது, வேறொருவரின் ஆம்ப்.
நீலப் பொறி. வீங்கிய உதட்டோடு
சரணம் முழுக்கப் பாடினாள்.
ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத்
தமிழ் பாடுகிறவள்.
அன்று மட்டும் ழ சரியாக வந்தது.

பின்பலகையில் பேனா எழுத்து:
ஆர். மூட்லி, யூனிட் ஏழு. திருப்பித் தரவும்.
யார் தரவில்லை என்று தெரியவில்லை.

கிழிசலுக்கு டிஷ்யூ தாள், வெள்ளைப் பசை,
பக்கத்துக்கு இரண்டு பூச்சு.
கிட்டாரைப் பிரித்து
ஒன்பது வோல்ட் பேட்டரியையும் அதன் பச்சைப் பலகையையும்
பிடுங்கிப் போட்டேன்
(தாலி கட்டும் நேரம் பார்த்துச் சாகும் சாதி அது).
குழிக்குள் செம்பு நாடா ஒட்டினேன்,
தோட்டக்கடையில் நத்தை விரட்ட விற்பது.
டோனுக்கு நாற்பத்தேழை எடுத்துவிட்டு
நூறு போட்டுப் பார்த்தேன்.
"சேற்றில் மாடு நடக்கிறது" என்றான்
டிரம்ஸ் லுஷேன்.
திரும்ப நாற்பத்தேழு.
அடுப்பில் சுகர் பீன்ஸ் கறி அடிப்பிடித்தது.
சாலிடரைப் பாதியில் விடமுடியுமா?

கடைசியாக, புதுப் பிளக். மூன்று கால்.
போட்டதும் முனகல் திரும்பி வந்தது,
வீட்டுக்குச் சொந்தக்காரன்போல.
குபென் ரம்பத்தைப் பார்த்தார்.
நான் குபெனைப் பார்த்தேன்.

டிஐ பெட்டியின் ஓரத்தில் ஒரு பொடி சுவிட்ச்.
பாட்டு போகும் கம்பியில் மட்டும்
ஒரு மண்ணை விடுவிக்கும்.
மின்சாரத்தின் கால் அதன் இடத்தில் இருக்கும்.
டக்.
ஃபிரிட்ஜ் ஓடுவது கேட்டது.

சனிக்கிழமை, கிராஃப்ட்டீன் மண்டபம்.
எட்டு மணிக்கு மின்வெட்டு, அட்டவணைப்படி.
மாப்பிள்ளை வீட்டார் ஜெனரேட்டர் உருட்டி வந்தார்கள்.
"எர்த் எங்கே?" என்றேன்.
பெண்ணின் மாமா சிரித்தார்.
நான் பேஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.
அவர் சிரிப்பை நிறுத்தினார்.

லிச்சி மரத்தடியில் ஒரு செம்புக் கம்பி.
பட்டு ஜிப்பாவோடு குபென் சம்மட்டி அடித்தார்.
மண் காய்ந்திருக்கிறது என்றதும்
சமையல்காரர் பிரியாணி அண்டா கழுவிய தண்ணீரை
அப்படியே கவிழ்த்தார்.
கம்பியைச் சுற்றி ஏலக்காய் மிதந்தது.

நான் முதல் சுரத்தைப் பிடித்தேன்.
மேசைத் தட்டுகள் லேசாக நடுங்கின.
பிரகாஷ்னி மைக்கருகே வந்தாள், நின்றாள்,
பின்விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.

பிறகு உதட்டை வைத்துப் பாடினாள்.
ழ மறுபடியும் தப்பு.
நன்றாகவே இருந்தது.