ஒன்பது கிலோ

இரத்மலானையில் பையோடு சேர்த்து
என்னையும் தராசில் ஏற்றினார்கள்.
நான் எழுபத்தொன்று. பை ஒன்பது.
சின்ன விமானம், எல்லாம் கணக்கு.

திமிலைதீவில் இறங்கி வெளியே வந்தால்
ஒரேயொரு ஓட்டோ.
"டவுனுக்கு எவ்வளவு?"
"ஆயிரத்து இருநூறு."
"மேலயிருந்து பாத்தன், கூப்பிடு தூரந்தானே?"
"மேலயிருந்து பாத்தா எல்லாம் கிட்டத்தான் மனே.
நடுவில வாவி கிடக்கு."

மீற்றரைத் துவாயால் மூடியிருந்தார்.
புதூர்த் தெருவை நாலு மாடுகள் அடைத்து நிற்க
ஹோர்ன் அடிக்கவில்லை,
அவை யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.
கண்ணாடிக்கு மேல் மடித்துச் செருகிய துண்டு
காற்றில் படபடத்தது.
லொத்தர்ச் சீட்டு என்று நினைத்தேன்.

"டவுனில எவடம்?"
"ஆஸ்பத்திரி."
"ஆருக்குச் சுகமில்ல?"
"ஸ்கேன் மெசினுக்கு."

சிரித்தார்.
பிறகு என் மடியிலிருந்த பையைக்
கண்ணாடியில் பார்த்தார்.
அதற்குப் பிறகு
மாட்டுக்கும் ஹோர்ன், மனிசருக்கும் ஹோர்ன்.
பாலத்தில் ஒரு பஸ்ஸை முந்தினார்.
தண்ணீர் எந்தப் பக்கம் இருந்ததென்றே தெரியவில்லை.

வாசலில் காசை எண்ணி
நூறு ரூபாய் திருப்பித் தந்தார்.
துண்டை எடுத்து நீட்டினார்.
கிருபைராசா தவமலர், வயது நாற்பத்தாறு.
பின்புறம் நீல மையில் இரண்டு தரம்:
மெசின் பழுது, பிறகு வரவும்.

"எத்தின மணிக்குப் பூட்டி முடியும்?"

திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றேன்.
ஓட்டோவை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.