ஒரு மணி நேரத் தண்ணி

முந்நூறு அடி வரைக்கும் வெறும் புழுதி.
போர் வண்டிக்காரன் இறங்கி வந்து
"இன்னும் போடவா, நிறுத்தவா?" என்றான்.
இவுக என்னைப் பார்த்தாவ.
நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கிட்டு
"போடச் சொல்லுங்க" என்றேன்.

முந்நூத்தித் தொண்ணூறில் சேறு.
நானூத்தி இருபதில் ரெண்டரை இஞ்சு.
ரெண்டரை இஞ்சு, ரெண்டரை இஞ்சு என்று
பிறந்த பிள்ளையின் எடையைச் சொல்வதுபோல
மூலைக்கரைப்பட்டி வரை சொல்லிட்டு வந்தாவ.

அதுக்கு முன்னால
மூணு ஏக்கரும் மானாவாரி.
ஐப்பசியில் உளுந்து விதைப்போம்.
மழை ஏமாத்தினா
விதை போகும், உழவுக்கூலி போகும்,
அதுக்கு மேல போக ஒண்ணும் கிடையாது.
நட்டத்துக்கும் ஒரு படி இருந்துச்சு,
தலைதட்டி அளந்துக்கிடலாம்.

தண்ணி வந்துச்சு, படி உடைஞ்சுது.
களக்காட்டிலிருந்து ஏத்தன் கன்னு, ஆயிரத்தி எண்ணூறு.
முட்டுக் கொடுக்க சவுக்குக் கம்பு.
சொட்டுக் குழாய்க்கு மானியம் உண்டு,
மானியம் வருமுன்னே நாம கட்டணும்,
அதைக் கட்ட ஒரு கடன்.
இன்சூரன்ஸ் பாரத்தில்
காத்துக்குக் கட்டம் இருந்துச்சு, வெள்ளத்துக்கும் இருந்துச்சு.
மோட்டார் காயில் எரிஞ்சா எழுத
இடம் தேடினேன், இல்லை.

"இனி எதுக்கு இந்தப் பீடிச் சுளகு?" என்றாவ.
நான் தூக்கி வைக்கலை.
வெயிலடிச்சாலும் மழை பேஞ்சாலும்
ஆயிரம் பீடிக்கு ஒரே கூலி.
மாசியில், வடக்குக் கடைசியில்
வாழை வைக்காம விட்ட முப்பது சென்டில்
உளுந்தை எறிஞ்சேன்.
"கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு,
தண்ணி கிடக்கையில உளுந்தா?"

பங்குனிக் கடைசி.
மூணு வரிசை தார் தள்ளிருச்சு.
ராத்திரி ஒரு மணிக்குத்தான் மும்முனைக் கரண்டு,
அதுவும் மங்கலா.
மோட்டார் ஒரு தரம் உறுமி
பிறகு நாறுச்சு.

நாங்குநேரியில் காயில் கட்டுறவன்
கையை நீட்டிக் காட்டினான்:
எங்களுக்கு முன்னால பதினொரு மோட்டார்
வரிசையா உட்கார்ந்திருந்துச்சு.
நாலாம் நாள்
இலையெல்லாம் குடையை மடக்கிட்டு நின்னுது.

மேலக்காட்டுப் பிரம்மசக்தி
மணிக்கு நூத்தம்பதுக்குத் தண்ணி விக்கிறாள்.
"ஒரு மணி நேரம்தான் தாயீ,
எனக்கும் கிணறு தரை தட்டுது."
அந்த வாரத்துப் பீடிக் காசை
முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்தாள். நான் அதைத் தப்பா நினைக்கலை.

நான் டார்ச் பிடிச்சேன்.
வாய்க்கால் பிரியுற இடத்தில
இவுக மம்பட்டியோட நின்னாவ.
தெற்கே கடன், வடக்கே என் கோட்டித்தனம்.
வாயை மூடிக்கிட்டு நின்னேன்,
சொன்னா சண்டை வரும், தண்ணி ஓடிரும்.
ஒத்தை வார்த்தை பேசாம
மண்ணை வெட்டி
வடக்கே திருப்பினாவ.

இருபது நிமிஷம் உளுந்துக்கு.
உளுந்து அதுக்கு மேல கேட்காது.
மிச்சம் தார் தள்ளின மூணு வரிசைக்கு.
மத்த வாழை பக்கம் நான் டார்ச்சைத் திருப்பலை.

மேலக்காட்டில் ஸ்விட்சைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு.
மோட்டார் நின்ன பிறகும்
குழாயில் கிடந்த தண்ணி
கொஞ்ச நேரம் வந்துக்கிட்டே இருந்துச்சு.
அது எந்தக் கணக்கிலயும் இல்லை.
ரெண்டு பேரும் குனிஞ்சு
அது சொட்டி முடியுற வரை நின்னோம்.