கேட் மூடிய பிறகு

இரண்டாம் ஷிப்டு முடிய இருபது நிமிஷம்.
தேசப்பன் வந்தார், லுங்கி மடிப்பில் ஒரு கல்.
எண்ணூர் முகத்துவாரத்தில் வலையில் சிக்கியதாம்.
'வானத்துலேர்ந்து வுழுந்ததுக்கா.
கிராம் கணக்குல எடுக்க ஆள் இருக்குது.
நிக்கல் இருக்குதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு, போதும்.'

ஒரு மூலையைத் தேய்த்து
எக்ஸ்ரே துப்பாக்கியை வைத்து அழுத்தினேன்.
சிலிக்கான், கால்சியம், கொஞ்சம் மாங்கனீசு.
நிக்கல் கட்டத்தில் வெறும் கோடு.

எங்கள் உலை கழித்த கசடு.
எப்போதோ லாரியில் போய்க் கழியில் விழுந்ததை
அலை உருட்டி உருட்டி
வெளியூர்க்காரன் ஆக்கியிருக்கிறது.

அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.
'நெஜமா வுழுந்ததுல மட்டும் அது ஏன் இருக்கணும்?'

மேசையில் மஸ்டர் ரோல் கிடந்தது, அதைக் காட்டிச் சொன்னேன்:
ஒருநாளும் உருகாமல் அலைகிற கற்கள் உண்டு.
முதல் நாள் வேலைக்கு வந்த பேரெல்லாம்
அவற்றில் அப்படியே இருக்கும்.
அந்தப் பட்டியலை வைத்துப்
பூமியின் பாறையில் பேர் கூப்பிட்டால்
நிக்கல் பத்தில் ஒன்பது பங்கு ஆப்சென்ட்.
பிளாட்டினம், தங்கம், பதிலே இல்லை.
கோள் முழுக்க ஒரே உலையாய்க் கொதித்தபோது
இரும்பின் கையைப் பிடித்துக்கொண்டு
அடிக்குப் போய்விட்டார்கள்.
வானத்திலிருந்து விழுகிற இரும்பு
வளருமுன் உடைந்த ஏதோவொரு குட்டிக் கோளின் நெஞ்சு.
நிக்கல் அதை விட்டு எங்கே போகும்?

மேலே மிதந்தது,
இருதயராஜ் கரண்டியால் வழித்துப் போடுகிறாரே, அது.
இறுகிய பிறகு அதன்மேல்
துறைமுகம், தண்டவாளம், கொருக்குப்பேட்டை.

'அப்போ நாம நிக்கிறதே கசடு மேல.'
'ஆமா.'
அவர் சிரிக்கவில்லை.

சங்கு ஊதியது.
ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.
எல்லாம் இறங்கியிருந்தால்
மேலே இத்தனை தங்கம் மிஞ்சியிருக்காது.
உலை தணிந்து, கேட் மூடிய பிறகு
தாமதமாய் வந்து விழுந்த கற்கள்
கொண்டுவந்தவை அவை என்று ஒரு கணக்கு.
தண்டையார்பேட்டை அடகுக் கடையில்
அப்படி வந்ததில் மூன்று சவரன் என்னுடையது.
இரும்பிடம் தப்பியது.
ஆடிக்குள் மீட்காவிட்டால் ஏலம்.

'மாதிரி: கசடு. நிக்கல்: இல்லை.'
எழுதிக் கொடுத்தேன்.
சீட்டை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
கல்லையும் எடுத்துக்கொண்டார்.
'இருக்கட்டுங்க்கா,
இதுவும் மெதந்து வந்ததுதான?'